கன்றுக்கு விட்டது

ஆண்டுப் பொதுக்கூட்டம், ஹெரிஃபர்ட்.
எண்பது நாற்காலி போட்டிருந்தோம்.
வந்தவர்கள் ஏழு பேர்,
அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

கூட்டக் குறிப்பு எழுதுவது நான்.
எங்கள் கம்பெனி செய்வது
பால் கறக்கும் இயந்திரத்தின் ரப்பர் உறை,
மாட்டின் காம்பைக் கவ்வுமே, அந்தக் கறுப்புக் குழாய்.
லண்டன் பங்குச்சந்தைப் பட்டியலில்
எங்களைத் தேடினால்
விரல் கடைசிப் பக்கம் வரை இறங்க வேண்டும்.
பெரிய பண்டுக்காரர்கள் வருவதில்லை.
அவர்கள் வாங்க நினைத்தாலே விலை ஏறிவிடும்,
விற்க நினைத்தால் வாங்க ஆளிருக்காது.

மூன்றாவது வரிசையில் வினிஃப்ரெட் ப்ராஸர்.
கால்நடை மருத்துவமனையில் முப்பது வருஷம் கணக்கெழுதியவர்.
இரண்டாயிரத்து நானூறு பங்கு,
பதினோரு வருஷத்தில் ஒன்றைக்கூட விற்றதில்லை.
மே மாதம் ஒரு காசோலை, நவம்பரில் ஒன்று.
முதலாவது வீட்டு வரிக்கு.
அடுத்தது குளிருக்கு.

தலைவர் தொண்டையைச் செருமினார்.
இந்த ஆண்டு ஈவுத்தொகை பாதிதான்,
மீதியில் புது வார்ப்பு இயந்திரம், இத்தாலியிலிருந்து,
இனி ஆட்டுப் பண்ணைகளுக்கும் உறை செய்யலாம் என்றார்.
திரையில் ஓர் அம்பு மேலே போனது.
எந்தக் கம்பெனியின் திரையிலும்
அது மேலேதான் போகும்.

வினிஃப்ரெட் எழுந்தார்.
கோட்டை இன்னும் கழற்றவில்லை.
"நாலு காம்பையும் ஒட்டக் கறந்தால்
கன்று பிழைக்காது. அது எனக்குத் தெரியும்.
கன்று எங்கே?
அதைக் காட்டுங்கள்."

தலைவர் என்னைப் பார்த்தார்.
நான் பேனாவைப் பார்த்தேன்.

தொழிற்கூடத்துக்கு நடந்தோம், ஏழு பேரும்,
மழைக்கு ஒதுங்கியவரும்தான்.
அங்கே இயந்திரம் இல்லை. மார்ச்சில்தான் வரும்.
கழுவிவிட்ட சிமெண்டுத் தரை,
போல்ட்டுக்கு நான்கு துளை,
ஃபோர்மேன் டெலித் சாக்பீஸால் வரைந்த
இரண்டு பாதங்கள்:
ஓட்டுகிறவள் நிற்க வேண்டிய இடம்.

வினிஃப்ரெட் தன் நனைந்த காலணிகளை
அந்தப் பாதங்களின் மேல் வைத்து
கொஞ்ச நேரம் நின்றார்.
இல்லாத விசையை எட்டிப் பார்ப்பவர்போல
வலக்கை லேசாக நீண்டது.
"கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்,
முதுகு வலிக்கும்" என்றார் டெலித்திடம்.

வாக்கெடுப்பில் முதலில் உயர்ந்தது அவர் கை.
மாலைக்குள் பங்கு விலை ஒன்பது பென்ஸ் சரிந்தது.

குறிப்பில் எழுதினேன்:
தீர்மானம் ஐந்து நிறைவேறியது.
எழுதாமல் விட்டது:
போகும்போது மேஜையில் மிஞ்சிய பிஸ்கட்டுகளைக்
காகிதக் கைக்குட்டையில் சுற்றி
கைப்பைக்குள் வைத்துக்கொண்டு
என்னிடம் சொன்னார்,
"இது இடைக்கால ஈவுத்தொகை."