பச்சை முட்டை

மசேருவில் ஜூன் மாதம். மலைகளில் பனி.
முட்டைக்காரி மாமெல்லோவிடம்
லினேயோ முதலில் கேட்பது விலையை அல்ல:
"கோழிக்கு மருந்து ஏதாவது கொடுத்தாயா?"
மாமெல்லோ என்றால் பொறுமை என்று அர்த்தம்.
"என் கோழிக்கு என்ன நோயைக் கண்டாய்?"
என்று போன வாரம் கூடையைத் தூக்கிக்கொண்டு போனவள்
இன்று முறைத்தபடி எண்ணித் தருகிறாள்.
இரண்டு டஜன். விரிசல் விட்டது கொசுறு.

முட்டைக்குள் மருந்து ஒளிந்திருந்தால்
குழாயில் ஒன்றும் முளைக்காது,
நோயில்லை என்று எழுதிவிடுவோம்.
இதை நடைபாதையில் நின்று எப்படி விளக்குவது?

சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்து,
மூச்சை அடக்கி உடைக்கிறாள்.
கிளிசரின், உப்புகள், கடைசியில்
மாலகைட் பச்சை.
சாய்ந்து படுத்த குழாய்களில் வெந்து இறுகுகிறது.
வெந்த பிறகும்
பச்சை முட்டைதான்.

சளியில் ஊர்ப்பட்ட கூட்டம்.
வாயில் குடியிருப்பவை, தொண்டையில் ஒண்டியவை,
அரைமணிக்கொரு தரம் இரட்டிப்பவை,
எந்தப் பந்திக்கும் முந்துபவை.
காரநீரில் முக்கால்வாசி மடியும்.
மீதிக்கு இந்தப் பச்சை:
இலை நிறையப் பரிமாறி
வாயைக் கட்டிவிடும் விருந்து.
ஒருத்தனுக்கு மட்டும் அது உறைக்காது.
மெழுகு பூசிய உடம்பு. அவசரமில்லாதவன்.
ஒன்று இரண்டாக அவனுக்கு ஏறக்குறைய ஒரு நாள்.
பச்சை ஒரு பொட்டு கூடினால் அவனும் பட்டினி,
அதனால்தான் தராசுக்கு முன்னால்
லினேயோ கண்ணாடியை இரண்டு தரம் துடைக்கிறாள்.

செகோபே ரந்தோமெங்.
தங்கச் சுரங்கத்தில் பத்தொன்பது வருடம்.
கம்பளி போர்த்தி வந்து ஒரு டப்பா சளி கொடுத்துப் போனான்.
அவனுக்கு இரண்டு குழாய்:
ஒன்றில் வெறும் முட்டை,
மற்றதில் ரிஃபாம்பிசின் கலந்த முட்டை.

ஆறாவது வாரம்
முதல் குழாயில் ரொட்டித்தூள் போல
வெளிறிய, சொரசொரத்த புள்ளிகள்.
எண்ணினாள். நூற்றுநாற்பது.
இரண்டாவதில்
மருந்துக்கும் ஒன்று இருக்கக் கூடாது.
விளக்கருகே பிடித்தாள், சாய்த்தாள்,
மறுபடி சாய்த்தாள்.

மருந்துக்கு ஒன்று இருந்தது.

நூற்றுக்கு ஒன்றை எட்டினால்தான் கணக்கு.
இது எட்டவில்லை.
படிவத்தில் எழுதினாள்: மருந்துக்குக் கேட்கும்.
கையெழுத்து, தேதி, முத்திரை.

பிறகு, கழிவுத்தொட்டிக்குப் போக வேண்டிய
அந்தக் குழாயை
முப்பத்தேழு பாகைக் கதகதப்புக்குள்
திரும்ப வைத்தாள்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
கொசுறு முட்டை இன்னும் மேசைமேல் இருந்தது.
பொரித்துத் தின்ன மறந்துவிட்டிருந்தாள்.