பதினேழு

நாலாவது முறையாக
வலது காதிலிருந்து கழன்று விழுந்தது
பாமணியாற்றுக் கரையில்,
பாடிக்கொண்டே.
செல்போன் வெளிச்சத்தில் சேற்றைத் துழாவினேன்.
ஏதோ ஒரு தவளைக்கு
அரை நிமிடம் வயலின் கேட்டிருக்கும்.

இடது காதில் விழுவதில்லை.
இத்தனை வருடம் கண்ணாடி பார்த்தும்
தெரியாமல் போயிற்று,
என் காதுகள் இரண்டும்
ஒரே அளவில்லை என்று.

மன்னார்குடி, பந்தலடியில் மொபைல் கடை.
ரிஸ்வானா கேட்டாள்:
"நடக்கவா சார், ஓடவா?"
ஓட, என்றேன்.
சர்க்கரை இருநூற்றுப் பன்னிரண்டு என்று
சொல்லவில்லை.
"அப்ப இங்கயே ஓடுங்க."

ஓடினேன், நின்ற இடத்தில்,
டெம்பர் கிளாஸ் ஒட்டக் காத்திருந்த
இரண்டு கல்லூரிப் பையன்கள் முன்னால்
நாற்பத்தாறு வயதுத் தொப்பை குலுங்க.
சின்ன ரப்பர் மூடி வழுக்கியது.
நடுத்தரம் மூன்று குதிக்குத் தாங்கியது.
பெரியது,
காதுக்குள் யாரோ கட்டைவிரலை வைத்த மாதிரி.
கொக்கி வைத்தது பிடித்துக்கொண்டது,
ஆனால் மூக்குக்கண்ணாடிக் காலோடு
அதற்கு இடத்தகராறு.

"எதாச்சும் மெல்லுங்க சார்.
தாடை ஆடினா சிலது கழண்டுரும்."
கடலைமிட்டாய் கொடுத்தாள்.
சர்க்கரையைச் சொல்லாததால்
மென்றேன்.

"இப்ப முடியாது முடியாதுன்னு
நல்லா தலைய ஆட்டுங்க."

அது எனக்குப் பழக்கம்.
நெல் கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுத்தர் நான்.
ஈரப்பதமானிக் கிண்ணத்தில் ஒரு பிடி நெல்,
பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று,
காலை பத்திலிருந்து
அந்த ஆட்டலைத்தான் ஆட்டுகிறேன்.
பதினேழுக்கு மேல் எடுக்கக் கூடாது.
குறுவை அறுப்பில் மழை பிடித்தால்
சாயங்காலம் கழுத்து வலிக்கும்.
ஆட்டினேன்.
எடுத்து வைத்ததெல்லாம்
ஒவ்வொன்றாய்த் தரைக்கு வந்தன.

அவளிடம் சொல்லாதது இன்னொன்றும் உண்டு.
ஆற்றங்கரை சாலையில் ஏறும் இடத்தில்
கால் கிலோமீட்டருக்கு நெல் குவியல்.
தார்ப்பாய்க்கு அடியில் நெல்,
தார்ப்பாய்க்கு மேல் செங்கல்,
பக்கத்தில் கொசுவர்த்தியும் ஆளும்.
ஐந்தரை மணி இருட்டிலும்
என் ஓட்டம் அவர்களுக்குத் தெரியும்.
"சார், இன்னிக்கிப் போட்ருவீங்களா?"
அந்தக் கால் கிலோமீட்டருக்குத்தான்
சத்தத்தைக் கூட்டிவைப்பேன்.
விழுந்து தொலைப்பதும்
சரியாக அங்கேதான்.

கடைசியாக ஒன்றை எடுத்தாள்.
காதுக்குள் போகாது.
கன்ன எலும்பில் உட்கார்ந்து
எலும்பு வழியாகப் பாடும்,
பின்கழுத்தைச் சுற்றி ஒரு வளையம்.
குதித்தேன், மென்றேன், முடியாது என்றேன்.
அசையவில்லை.
"ஒண்ணு மட்டும் சார்,
காது தெறந்தேதான் இருக்கும்,
வெளிச் சத்தம் பூரா கேக்கும்.
ரோட்டுல ஓடுறவங்களுக்கு அதான் நல்லது,
லாரி வந்தா தெரியும்ல."

மூவாயிரத்து நூறு.
வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்,
தலை அன்றைக்கு ஆடிக் களைத்திருந்தது.

இன்று காலை
எலும்பில் பாட்டு,
காதில் டிராக்டர், மடைத் தண்ணீர், என் மூச்சு.
மூன்றாவது குவியலில் தையல்நாயகி
தார்ப்பாயை உதறிக்கொண்டிருந்தாள்.
எதுவும் கேட்கவில்லை.
கேட்டுக் கேட்டு விட்டுவிட்டாள் போல.
நான்தான் நின்றேன்.
குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டேன்.
மேலே ஜில்லென்று ஈரம்,
உள்ளே காய்ச்சல் கண்ட பிள்ளையின் சூடு.
ஒரு நெல்லைக் கடித்தேன்.
நறுக்கென்று உடையவில்லை.
"பதினெட்டு இருக்கும்" என்றேன்.
"வெயில் வந்தா எறங்கிரும்" என்றாள்
கிழக்கே பார்த்து.
கிழக்கே மேகம் கட்டியிருந்தது.
என் கன்னத்தில் யாரோ
பாடிக்கொண்டே இருந்தார்கள்.
நிறுத்தும் பொத்தான் எந்தப் பக்கம் என்று
எனக்கு இன்னும் கைவரவில்லை.