கலங்கல்

கொழும்பு பஸ்ஸில் வந்தது பெட்டி.
"இறாலோ மிஸ்?" என்றுதான்
கொண்டக்டர் இறக்கித் தந்தார்.
ஐஸ் பொதிகள் பாதி உருகிக் கிடக்க
நடுவில், சுண்டுவிரலிலும் சின்னதாய் ஒரு குப்பி.
ஐந்து மில்லிகிராம்.
இரண்டு வருடக் கடிதங்கள், ஒன்பது கையெழுத்து,
அடியில் ஒட்டிய ஒரு வெள்ளைப் படலம்.

"உடனே திறவாதை" என்றேன் பிரணவனிடம்.
குளிரோடு திறந்தால்
அறிவியல்நகர்க் காற்று தன் ஈரத்தையெல்லாம்
அதற்குள் இறக்கிவிடும்.
சிலிக்கா மணிகளுக்குள் ஒரு மணித்தியாலம்
இருக்கட்டும். எங்கள் வெக்கைக்குப் பழகட்டும்.

அதுவரை எண்ணினேன்.
பதினெட்டு அமினோ அமிலம்.
லைசின் நான்கு, ஆர்ஜினின் ஒன்று,
தலைமுனையில் இன்னொன்று: எல்லாம் நேர்.
குளுட்டமேட் ஒன்று, எதிர்.
மிச்சத்தில் பாதி
தண்ணீரைக் கண்டால் முகம் திருப்புகிற சாதி.
பதினோராம் இடத்தில் ஒரு சிஸ்டீன்,
டி.எம்.எஸ்.ஓ. போத்தலை
அலுமாரியிலேயே விடச் சொல்கிறது.

இந்த ஊரில் தண்ணீரை யார் நம்புவது?
கேத்தலின் அடியில் சுண்ணாம்பாய்ப் படிகிறது,
சவர்க்காரத்தோடு நுரைக்க மறுக்கிறது.
காய்ச்சி வடித்ததைத்தான் எடுத்தேன்.

முதலில் ஒரு துணுக்கு மட்டும்.
வந்ததை எல்லாம் ஒரேயடியாய்க் கரைப்பது
விதைநெல்லை அவிக்கிற வேலை.

துளி விழுந்தது.
அரிசி களைந்த தண்ணி.

ஆட்டினேன். சுழற்றினேன்.
ஒலியலைத் தொட்டியில் இறக்கி மூன்றாவது நிமிடம்
கரண்ட் நின்றது.

வட்டக்கச்சியிலிருந்து தவராணி அக்கா.
இலைநுனியிலிருந்து வைக்கோல் நிறம் இறங்கும் வயலில்
நின்றுகொண்டே கதைக்கிறா.
"மருந்து வந்திட்டுதாம்?"
மருந்தில்லை அக்கா. இன்னும் இல்லை.
"கரைச்சு அடிக்கேலாதோ?"
ஒரு இலையை நனைக்கவும் காணாது என்றேன்.
கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது.
"அப்ப ஏன் பிள்ளை அவ்வளவு தூரத்தாலை எடுப்பிச்சனீங்கள்?"
எனக்கு வாய் வரவில்லை.
கரையவில்லை என்பதையும் சொல்லவில்லை.

கரண்ட் வந்தபின்
பத்து வீத அசெற்றிக் அமிலம்.
நேர் மிகுந்ததற்கு அமிலம்,
இதை முதலிலேயே செய்திருக்கலாம்;
தண்ணீர் போதுமென்று நம்ப ஆசை.
அறையெல்லாம் ஊறுகாய்ச் சாடியின் வாசம்.
பிரணவன் தும்மினான்.

கலங்கல் ஓரத்திலிருந்து விலகியது,
பிறகு அடியில்.
குழாயைச் சுவர்க் கலண்டருக்கு நேரே பிடித்தேன்.
அரிசி ஆலைக்காரரின் தொலைபேசி இலக்கம்
அதற்கு ஊடாகத் தெரிந்தது:
ஏழு, ஏழு, நான்கு, ஒன்று.
கடைசி இலக்கம்
மூன்றா, எட்டா?

பிரணவன், இன்னும் ஒரு துளி.