மூன்றாம் சேனல்

அன்றைக்கு அது எட்டாவது வீடு.
டுலூத் நகரம் ஏரியோடு சேர்ந்து உறைந்து கிடந்தது.
வேனிலிருந்து வாசலுக்குப் போவதற்குள்
என் மூச்சு மீசையில் கட்டிக்கொண்டது.

வெர்னா கோஸ்கெலா கதவைத் திறந்தார்,
கையில் ரொட்டிக் கடைக் காகிதப் பை.
அதன் முதுகில் பென்சிலால் ஒரு படம்:
சுவர், பெட்டி, விசிஆர், டிவி,
நடுவே அம்புக்குறிகள்.
"உங்கள் கம்பெனி பெட்டியைத் தபாலில் அனுப்பியது.
நானே மாட்டினேன்.
அன்றிலிருந்து திரை முழுக்க ஈ மொய்க்கிறது."

அம்புகளின் வழியே விரலை ஓட்டினேன்.
"விசிஆரின் 'வெளி'யைச் சுவரில் செருகியிருக்கிறீர்கள்.
படத்தைத் தெருவுக்கே திருப்பி அனுப்புகிறீர்கள்."
அவர் சிரிக்கவில்லை.
பென்சிலை நீட்டினார்.

டிவிக்குப் பின்னால் தலையை நுழைத்தேன்.
தூசி, ஒற்றைப் பின்னல் ஊசி,
நாய் கடித்து மறந்த பிஸ்கட்.
நாயைக் காணோம்; கேட்கவில்லை.
கையேட்டை விரித்துத் தரையில் வைத்துக்கொண்டு
அங்கிருந்தே சத்தமாகச் சொன்னேன்:
சுவரிலிருந்து பெட்டிக்கு.
பெட்டியிலிருந்து விசிஆரின் 'உள்' துளைக்கு.
'வெளி'யிலிருந்து டிவிக்கு.
டிவி எந்நாளும் மூன்றாம் சேனலில் நிற்கட்டும்,
மற்றதையெல்லாம் பெட்டி பார்த்துக்கொள்ளும்.

சமையல் குறிப்பு எழுதுகிறவர்போல
அளவு கேட்டுக் கேட்டு எழுதினார்.
"எத்தனை திருகு?"
"விரலுக்கு இறுகும்வரை."

ஈக்கள் கலைந்தன.
வானிலை அறிவிப்பாளர் ஒருவர் முளைத்தார்,
கழுத்துப்பட்டைகூடத் தெளிவாக.

"இன்றிரவு ஹாக்கி," என்றார் வெர்னா.
"மேற்குக் கரையில் ஆட்டம். இங்கே பத்தரைக்குத் தொடங்கும்.
ரெய்னோவுக்குக் காகித ஆலையில் இரவு ஷிஃப்ட்.
அது பதிவாகட்டும்,
நான் வேறு ஏதாவது பார்க்கிறேன்."

இந்த இடத்தில்தான் எல்லா வீட்டிலும் என் குரல் தாழும்.
முன்பு கம்பியில் எல்லா சேனலும்
திருவிழாக் கூட்டமாக வந்தன.
இந்தப் பெட்டி வாசற்காரன்;
ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் உள்ளே விடுவான்.

"அப்படியானால் நானும் ஹாக்கியா பார்க்கணும்?"
"ஆமாம்."
"முடியாது."

பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்தேன்.
அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.
"காலையில் கதவைத் திறந்ததும்
அவர் பார்ப்பது என் முகத்தை.
யார் ஜெயித்தார்கள் என்று எனக்குத் தெரிந்தால்
அது அங்கே ஓடும். எனக்கு மறைக்க வராது.
பதினொரு வருஷமாக நான் ஒரு கோல்கூடப் பார்க்காமலிருப்பது
எதற்கென்று நினைத்தீர்கள்?"

நான் பதிவுப் பொத்தானை அழுத்தினேன்,
பிறகு டிவியை அணைத்தேன்.
"இப்போதும் பதிவாகிறது."
"இருட்டிலா?"
"அதற்குத் திரை வேண்டாம்."

அவர் குனிந்து விசிஆரில் காதை வைத்தார்.
சிவப்புப் புள்ளி அவர் கன்னத்தில் விழுந்தது.
வெகுநேரம் அப்படியே இருந்தார்,
அடுத்த வீட்டில் என்ன சண்டை என்று கேட்பவர்போல.

பத்தரைக்கு நேரம் குறித்தேன்,
பெட்டியை நாற்பத்தொன்றில் நிறுத்தினேன்.
கம்பு ரொட்டி ஒன்றைச் சுற்றிக் கொடுத்தார்,
படம் வரைந்த அதே பையில்.

மறுநாள் காலை ஏழுக்குப் பெட்ரோல் பங்கில் காப்பி.
கையுறைகளால் இரண்டு காதையும் அழுத்திக்கொண்டு
தோளால் கதவைத் தள்ளி ஒரு மனிதர் வந்தார்.
மேலங்கியில் தைத்த பெயர்: ரெய்னோ.
கல்லாப் பெண் ஒன்றும் கேட்காமல்
ரேடியோவை அணைத்தாள்.
வரிசையில் நின்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள்.
எனக்கு ஸ்கோர் தெரியும்.
கடைசி நிமிடத்தில் நடந்ததும் தெரியும்.
காப்பிக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் வண்டி மேட்டில் ஏறி மறைந்த பிறகுதான்
வயிற்றில் ஏதோ புரண்டது:
அந்த மாடல் பெட்டி,
நாலு மணி நேரம் யாரும் தொடாவிட்டால்
தானாக அணைந்துவிடுமோ?

கையேட்டை வேன் முழுக்கத் தேடினேன்.
அது வெர்னா வீட்டு டிவிக்குப் பின்னால்,
பின்னல் ஊசிக்குப் பக்கத்தில்,
விரித்தபடி கிடக்கிறது.