நின்ற கணக்கு

சில்லைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தேன்.
உள்ளே கலிப்பர்,
அடிப்பிடித்த சட்டி மாதிரி.

வெள்ளவத்தையில் கடலிலிருந்து நாலாவது வீடு.
உப்புக்கு எந்தக் கேற்றும் பூட்டில்லை.

கம்பித் தூரிகையால் தேய்க்கத் தேய்க்க
பாதி துரு, பாதி பிரேக் தூள்.
ஓடிய தூரம் மீற்றரில் இருக்கிறது.
நின்றதெல்லாம் இங்கேதான்:
தும்முல்லையின் சிவப்பு விளக்குகள்,
கிருலப்பனையில் குறுக்கே வெட்டிய
நூற்றுமுப்பத்தெட்டாம் நம்பர் பஸ்,
தெமட்டகொடையில் ஒரு நாய்
(அது தப்பியது.
எனக்குத்தான் கொஞ்சநேரம் கியர் விழவில்லை),
போன ஆனியில்
பெரியாஸ்பத்திரி வாசலில்
நிற்க மனமில்லாமல் நின்ற ஒன்று.

சவர்க்காரத் தண்ணீர் ஊற்றினேன்.
எல்லாம் ஒரே கறுப்பாய்க் கானுக்குள் போனது.

பஞ்சிகாவத்தையில் சிவப்புத்தான் கேட்டேன்.
முடிஞ்சுது அக்கா, இதுவும் சூடு தாங்கும் என்று
மஞ்சளை நீட்டினான் கடைப் பெடியன்.

டிஸ்க்குக்குப் பத்திரிகை சுற்றினேன்,
மரண அறிவித்தல் பக்கம்.
ரப்பர் உறைக்கு டேப்.
மாடியில் துணி விரித்தபடி மிஸிஸ் அருளம்பலம்:
"கப்பைப் போட்டால் தெரியாதே பிள்ளை,
ஆருக்கு இந்த வடிவு?"
பதில் சொல்ல முடியவில்லை,
பல்லிடுக்கில் டேப்.

இரண்டாம் பூச்சு காய்ந்தும் காயாமலும்
மழை இருட்டியது.
அவசரமாய்ச் சில்லை மாட்டி நட்டுகளை எண்ணினால்
மூன்று.
நாலாவது பெயின்ற் டின்னுக்குள்
குளித்துக்கொண்டிருந்தது.

புரியை மட்டும் துடைத்து
அப்படியே முடுக்கினேன்.
கப்பைப் போடவில்லை.