பதினொரு சோதனை

சலாலாவில் ஆடித் தூறல்.
பிரசவ விடுதியின் யன்னல் வேர்த்திருக்கிறது.
டொக்டர் ரய்யாவுக்கு விடிய அட்டவணை வேணும்:
இடது நிரலில் குடிமக்கள்,
வலதில் எல்லை கடந்து வந்தவர்கள்.

ஷம்ஸா. முப்பத்தொன்பது கிழமை.
பரிசோதனைக்கு வந்தது ஒன்பது தரம்.
பிள்ளை மூன்று கிலோ நூறு.
பிறந்த உடனே கத்தினது.

தக்வா. கிழமை தெரியாது,
சூரைமீன் பட்ட மாதம் தங்கினது என்றாள்.
ஹீமோகுளோபின் ஏழு.
பிள்ளை ஒன்று அறுநூறு.
பரிசோதனை: பூச்சியம்.

பூச்சியத்தை அடிக்க விரல் வரவில்லை.
ஐஸ் உருகி வழிந்த மீன் லொறியில் வந்தவள்.
வழியில் பதினொரு சாவடி,
ஒவ்வொன்றிலும் இறக்கி,
வயிறு உண்மைதானா என்று பார்த்து
ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.
பதினொரு சோதனை.
அதற்கு நிரலில்லை.

இருவருக்கும் ஒரே கட்டில்தான்,
ஒரே கத்தரிக்கோல், என்ரை இதே கைகள்.
இந்த வித்தியாசம் தற்செயலல்ல என்கிறது கணினி.
அதுக்கு இப்பத்தான் தெரியும்.

என் நிறையை ஒருவரும் எழுதவில்லை.
தரப்பாளுக்குக் கீழே பிறந்தேன்.
மூன்று றாத்தல் பாண் அளவு இருந்தாய்
என்பா அம்மா,
அண்டைக்குப் பாணும் இல்லை என்பா.

மூன்று மணிக்குக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து
தக்வாவின் மகளைத் தராசில் வைத்தேன்.
நாற்பது கிராம் கூடியிருக்கிறாள்.
அட்டவணை பிறந்த நாளோடு முடிகிறது.
கடைசிக் கோட்டுக்கு வெளியே,
பென்சிலால்,
1640.