மலை 'ம்' கொட்டியது

நவம்பர் பன்னிரண்டு. ஜிர்கலான்.
வேலியின் கீழ்க்கம்பிகூட மறையவில்லை.
குதிரைகள் குளம்பால் சுரண்டிப்
புல்லை எட்டிவிடுகின்றன, அவ்வளவு மெல்லிசு.
"இதிலா ஆள் புதைவான்?" சிரித்தான் ஒந்த்ரே,
பிர்னோவிலிருந்து வந்தவன்.
ஏழு நாள் விடுப்பில் மூன்று
விமானத்திலும் வேனிலும் கரைந்திருந்தன.

வாசலில் நிறுத்தி
ஒவ்வொருவர் மார்பிலும் கருவி துடிக்கிறதா எனப் பார்த்தேன்.
எசென்பெக்குடையது துடிக்கவில்லை.
ஏப்ரலில் கழற்றாத பேட்டரி
உள்ளேயே பச்சையாய்ப் பூத்துக் கிடந்தது.
செத்ததென்று தெரியாமல்
கோடை முழுக்க ஆணியில் மாட்டி வைத்திருக்கிறான்.
கத்தியால் சுரண்டி, புதிது போட்டு,
உயிர் வரவைக்க இருபது நிமிஷம்.
ஒந்த்ரே கடிகாரம் பார்த்தான்.

முதல் பனி அக்டோபரிலேயே விழுந்துவிட்டது.
தெற்குப் பக்கத்தை வெயில் தின்றது.
வடக்குப் பக்கம் வைத்துக்கொண்டது.
பிறகு மூன்று வாரம் மேகமில்லாத இரவுகள்.
கீழே மண்ணின் வெதுவெதுப்பு,
மேலே வானத்தின் குளிர்,
நடுவில் அகப்பட்ட பனிக்குத்
தூக்கமில்லை.
கோத்திருந்த கைகளை ஒவ்வொன்றாய் விட்டு
முனைமுனையாய், தனித்தனியாய்ச்
சீனியாகிவிட்டது.
அள்ளி உருட்டிப் பார், உருண்டை ஆகாது.
விரலிடுக்கில் ஓடிவிடும்.

அதன் தலைமேல்தான்
முந்தாநாள் காற்று
ஒரு பலகையைக் கொண்டுவந்து சாத்தியிருந்தது.
மழமழவென்று. குறை சொல்ல முடியாத வெள்ளை.

சரிவு.
பெயர்ச்சொல்லாக இருக்கிறவரை ஏறலாம்.
எப்போது வினையாகும் என்பதுதான் கேள்வி.

ஓடையைத் தாண்டியதும் பேச்சு நின்றது.
இடைவெளி விட்டு மூன்று பேர்.
யாரும் கதை சொல்லவில்லை.
ஆனாலும் மலை 'ம்' கொட்டியது.

ஒரே ஒரு 'ம்'.
காதில் அல்ல, முழங்காலில் கேட்டது.
காலடி ஒரு விரற்கடை இறங்கியது.
தள்ளி நின்ற ஜூனிப்பர் புதர்
யாரும் தொடாமலே நடுங்கிப் பொடி உதிர்த்தது.
என் ஸ்கீயின் நுனியிலிருந்து ஒரு கீறல்,
கடைக்காரன் ஓரத்தில் கத்தரி வைத்துத்
துணியை விர்ரென்று கிழிப்பானே, அதுபோல்,
இருபதடி.

நாங்கள் நின்றது சமதளம்.
அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குழி வெட்டினேன். முழங்காலுக்குச் சற்று மேல்.
ஒரு தூணைத் தனியே நிறுத்தி
பனிவாரியைத் தலையில் வைத்து
மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு. ஒன்றுமில்லை.
முழங்கையிலிருந்து பதினொன்று.
பன்னிரண்டு.
மேசையிலிருந்து புத்தகம் நழுவுகிற மாதிரி
முழுசாக என் மடிக்கு வந்தது.
ஒந்த்ரே குனிந்தான்.
அடியிலிருந்த சீனியை விரலால் தொட்டு,
என்ன தோன்றியதோ,
நாக்கில் வைத்துக்கொண்டான்.

"முழங்கால் ஆழம்தானே?"

இங்கே முழங்கால்.
ஓடைப் பள்ளத்தில் எல்லாம் வந்து குவியும்.
அதுவரை போகும் வழியில்
பாறைகள் இன்னும் போர்த்திக்கொள்ளவில்லை,
புதைவதற்குள் அவை வேலையை முடித்துவிடும்.
இதையெல்லாம் இப்போதுதான் கோவையாகச் சொல்கிறேன்.
அப்போது "திரும்புவோம்" என்றேன். அவ்வளவுதான்.

வந்த தடத்திலேயே இறங்கினோம்.
அடியில் ஒரு கல் அவன் ஸ்கீயை நீளமாகக் கீறியது.
அதற்கும் என்னைத்தான் பார்த்தான்.

வியாழக்கிழமை
அல்மாத்தியிலிருந்து வந்த நால்வர்
அதே சரிவில் இறங்கினார்கள்.
நான்கு கோடுகள், ஜன்னலிலிருந்தே தெரிந்தன.
ஒன்றும் ஆகவில்லை.
ஒந்த்ரே கோடுகளைப் பார்த்தான்.
தேநீரில் ஜாம் கலக்கினான்.
ரொம்ப நேரம் கலக்கினான்.

இப்போது டிசம்பர். அவன் போய்விட்டான்.
வேலி முழுசாக மறைந்துவிட்டது, கோடுகளும்.
சரிவு நிற்கிறது.
நான் சொன்னது சரியா தப்பா என்று
யாரும் கேட்கவில்லை;
கேட்டாலும் என்னிடம் இருப்பது
பன்னிரண்டு என்கிற எண்ணும்
அந்த 'ம்'மும்தான்.
சீனி அடியிலேயே இருக்கிறது.

எசென்பெக் மட்டும் தினமும் மாலையில்
கருவியை ஆணியிலிருந்து எடுத்துக்
காதருகே வைத்துப் பார்க்கிறான்.
அது சத்தம் போடாது, விளக்குத்தான் மினுக்கும் என்று
எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.